ரேடியோ இருந்த இடத்தில் மூன்று மீட்டர்கள்

கண்ணாடிக்காரருக்கு வண்டியின் சத்தம் கேட்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தெரிந்தது. சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் திருப்பினார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த என்ஜினோடு ஸ்டார்ட்டர் பல் உரசிய சத்தத்தில், பக்கத்துக் கடைத் தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். தச்சரின் முகம் சுளித்த விதத்தில்தான் இவருக்கு விஷயம் புரிந்தது. கையை விரித்து டாஷ்போர்டின்மேல் வைத்தார். தகடு மெதுவாக நடுங்கியது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திடீரென்று வந்ததல்ல அது. தன் கண்ணாடிக் கடையின் பின்கட்டில், கண்ணாடி விளிம்பைத் தேய்த்து மழுக்குகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றவர் அவர். ஒரு நாள்கூடக் காதில் பஞ்சு வைத்ததில்லை. முதலில் குருவிகள் போயின. பிறகு டெலிபோன் மணி. வெளியூரில் இருக்கும் மகள் பேசும்போது, "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எட்டு மாதமாக, எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசினால்தான் பாதியாவது புரிந்தது. இடது காது கிட்டத்தட்ட இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த அமைதி அவருக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. மழை பெய்தால் அது சத்தமில்லாமல் தெருவில் நடந்துபோவது போலிருக்கும். கடைக்கு எதிரே பேருந்துகள் வந்து நிற்கும், கதவு திறக்கும், ஆட்கள் வாயசைத்தபடி இறங்குவார்கள், எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல. வெட்டி நிறுத்திய கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கண்ணாடியில் தெரு இந்தப் பக்கம் போகும். இன்னொன்றில் அந்தப் பக்கம் போகும்.

ஆனால் வண்டி விஷயம் வேறு. அது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பழசாகவே வாங்கிய பிக்கப். கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்த இரண்டு பக்கமும் மரச்சட்டம் அடித்திருந்தார். பெரிய நிலைக்கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகும்போது தூரத்திலிருந்து பார்த்தால் வண்டியே தெரியாது. தெருவின் ஒரு துண்டு மட்டும் பெயர்ந்து தெருவுக்குள்ளேயே நகர்ந்து போகும். அந்த வண்டியில் வேகம் காட்டும் முள்ளும் பெட்ரோல் முள்ளும் வேலை செய்தன. சூடு காட்டும் முள் என்றைக்கோ படுத்துவிட்டது. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு சும்மாவே எரிந்துகொண்டிருந்ததால், அதன் பல்பை அவரே கழற்றித் தூக்கிப் போட்டிருந்தார். என்ஜின் சூடேறுவதும் பெல்ட் தளர்வதும் எண்ணெய் இறங்குவதும் அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். இப்போது அந்தச் சத்தம் இல்லை. ஓட்டும்போது, பேச்சை நிறுத்திவிட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் பயமாக இருந்தது.

புதன்கிழமை அவர் தன் மச்சினியின் பட்டறைக்குப் போனார்.

மனைவியின் தங்கை வண்டிகளுக்கு மின்வேலை பார்ப்பவள். அந்தப் பகுதியில் அவளை எல்லோரும் மின்னல் என்றே கூப்பிடுவார்கள். வேலையின் வேகத்துக்கு வைத்த பெயரா, கோபத்தின் வேகத்துக்கு வைத்த பெயரா என்று கேட்டால், பார்க்கிற நேரத்தைப் பொறுத்தது என்பார்கள். பட்டறைச் சுவர் முழுக்க நிறம் நிறமாக ஒயர் சுருள்கள் தொங்கும். மூலையில் நான்கு பேட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

"வாங்க அத்தான். அதிசயமா இருக்கு. அக்கா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. வண்டிக்கு மூணு மீட்டர் மாட்டணும் மின்னலு. எண்ணெய்க்கு ஒண்ணு, தண்ணிச் சூட்டுக்கு ஒண்ணு, பேட்டரிக்கு ஒண்ணு."

"பத்தொன்பது வருஷமா இல்லாத ஆசை இப்ப என்ன? காதே மீட்டருன்னு பெருமையடிச்சுப்பீங்களே."

"வயசான வண்டி. பாத்து ஓட்டுனா நல்லதுதானே."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். அலமாரியிலிருந்து மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்ட மீட்டர்கள். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், ஆரஞ்சு முள். கண்ணாடிக்காரர் ஒன்றை எடுத்து, பழக்கத்தில், அதன் கண்ணாடியை நகத்தால் தட்டிப் பார்த்தார். நகம் பட்டது தெரிந்தது.

டாஷ்போர்டின் தகட்டை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. ரேடியோ இருந்த இடத்தைக் காட்டினார். பாடாமல் போய்ப் பல வருடமான ரேடியோ. மின்னல் முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி ஒதுக்கினாள். பிறகு ரேடியோவை உருவினாள். அதன் பின்னால் அரை விரல் தடிமனுக்குத் தூசி, ஒரு சட்டைப் பொத்தான், மகளின் பள்ளிக்கூட ஹேர்பின் ஒன்று. அவர் ஹேர்பின்னை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ரேடியோ இருந்த நீள்சதுர ஓட்டையின் அளவுக்கு அலுமினியத் தகடு ஒன்றை அவள் வெட்டினாள். வட்டம் வெட்டும் ரம்பத்தை டிரில்லில் மாட்டி மூன்று வட்டங்களைச் சுழற்றி எடுத்தாள். அலுமினியச் சீவல்கள் பனித்தூள் மாதிரி சத்தமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் விழுந்தன. தகட்டைப் பொருத்தி, மீட்டர்களை உட்கார வைத்து, பின்னால் ஒயர்களைக் கொடுத்தாள். ஒன்று சாவியிலிருந்து வருகிற கரண்டுக்கு, ஒன்று எர்த்துக்கு, ஒன்று மீட்டருக்குள் இருக்கும் சின்ன விளக்குக்கு. மிச்ச ஒயர்கள் என்ஜினுக்குப் போக வேண்டும். அதற்காக டாஷ்போர்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் ஓட்டை போட்டு, தகட்டின் விளிம்பு ஒயரை அறுக்காதபடி ஒரு ரப்பர் வளையத்தை அழுத்தினாள்.

"அந்த டீய எடுங்க அத்தான்" என்றாள், பானெட்டுக்குள் குனிந்தபடியே முகத்தை அவர் பக்கம் திருப்பி.

"வேணாம். இப்பதான் குடிச்சேன்."

அவள் தலையை வெளியே எடுத்துச் சிரித்தாள். "குடிக்கிற டீ இல்ல. அந்தப் பித்தளை டீ. உங்க கைகிட்ட இருக்கு பாருங்க."

மூன்று வாய் உள்ள சின்னப் பித்தளைக் குழாய் அது. ஒரு வாய் என்ஜினுக்கு, ஒன்று பழைய விளக்கின் ஸ்விட்சுக்கு, ஒன்று புது மீட்டரின் சென்சாருக்கு. "மீட்டரு போதாதான்னு கேப்பீங்க. முள்ளையே பாத்துட்டு எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க? சிவப்பு விளக்கும் வேணும். அந்தச் சைசு பல்பு இப்ப என்கிட்ட இல்ல. வரவச்சு, அடுத்த மாசத்துக்குள்ள போட்டுத் தரேன்" என்றாள். இதில் அவருக்குப் பாதி கேட்டது. "சரி" என்றார்.

பித்தளைக் குழாயை நான் முறுக்குகிறேன் என்று அவரே ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். சும்மா நின்று பார்க்க அவருக்கு வராது. அவர் குனிந்து முறுக்க, அவள் இடது பக்கம் நின்று டார்ச் அடித்தாள். இறுகியது. இன்னொரு கால் சுற்று கொடுத்தார். அப்புறம் இன்னொன்று. டார்ச் வெளிச்சம் ஆடியதும் நிமிர்ந்து பார்த்தார். மின்னல் டார்ச்சை அணைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்னு மூணு தடவ சொன்னேன்" என்றாள், வாயை நன்றாக அசைத்து.

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்."

"எனக்குக் காது குத்தாதீங்க அத்தான்." சொன்ன பிறகுதான் சொன்ன வார்த்தை அவளுக்கே உறைத்தது. குரல் இறங்கியது. "அக்காவுக்குத் தெரியுமா?"

அவர் கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். எல்லா விரலும் துடைத்து முடித்த பிறகு, இல்லை என்று தலையாட்டினார்.

"ஒரு மாசம் பாப்பேன். நீங்களா சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன். அக்கா தங்கச்சிக்குள்ள என்னைய பொய் சொல்ல வைக்காதீங்க."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. பேட்டரி ஒயரை மாட்டிவிட்டு, "இப்ப போடுங்க" என்று கைகாட்டினாள். அவர் சாவியைத் திருப்பினார். பேட்டரி முள் ஒரு துள்ளு துள்ளி நின்றது. எண்ணெய் முள் தூங்கி எழுகிறவன் போலச் சாவகாசமாக எழுந்து நடுவுக்கு வந்தது. தண்ணீர் முள் வெகுநேரம் அசையவே இல்லை. பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாமல், கண்ணை எடுத்துத் திரும்பினால் மட்டும் தெரிகிற வேகத்தில் ஏறியது. அவர் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மின்னல் இரண்டு வண்டிகளைப் பார்த்து அனுப்பிவிட்டு வந்தபோதும் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் ஒரு கனவுக்குள் வண்டி ஓட்டுவது போல் ஓட்டினார். மேட்டில் ஏறினால் தண்ணீர் முள் மெல்ல வலப்பக்கம் சாயும். இறக்கத்தில் மூச்சு விட்டது போலத் திரும்பும். சிக்னலில் நின்றால் எண்ணெய் முள் தணியும், கிளம்பினால் நிமிரும். முகப்பு விளக்கைப் போட்டால் பேட்டரி முள் கண் இமைக்கிற மாதிரி ஒரு அசைவு. பத்தொன்பது வருடம் பேச்சிலேயே பழகிய ஒருவரின் கையெழுத்தை முதல் தடவையாகப் பார்ப்பது போல அவருக்கு இருந்தது. குரலை வைத்து இவர் நினைத்ததைவிட நிதானமான கையெழுத்து.

வீட்டில் அப்படி எந்த முள்ளும் இல்லை.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். வேலை முடிந்து வந்தால் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி பேசுவாள். குழாய் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு மாதமாக அவர் 'ம்', 'சரி', 'பாக்கலாம்' என்ற மூன்று வார்த்தைகளில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். எதற்கு எதைச் சொல்வது என்பதை அவள் தோள்பட்டையின் அசைவை வைத்து முடிவு செய்வார். கொஞ்ச நாளாக அவள் பேசுவதே குறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில் நடனப் பள்ளி ஒன்றுக்கு ஆளுயரத்தைவிடப் பெரிய நிலைக்கண்ணாடி கொண்டுபோக வேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே முக்கால் மணி நேர ஓட்டம். வழக்கமாக மறுமுனையைப் பிடிக்க வருகிற தச்சருக்கு முதுகுப் பிடிப்பு. பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்ததால், "நான் வரேன்" என்றாள் மனைவி. அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்ததால் அது அவருக்குக் கேட்டது. அந்த வண்டியில் அவள் ஏறி வருடக்கணக்காகியிருந்தது.

காலை பத்து மணி வெயில். கண்ணாடியை இடது சட்டத்தில் போர்வை வைத்துச் சாய்த்து, கயிறு போட்டுக் கட்டினார்கள். அவள் ஏறி உட்கார்ந்ததும் டாஷ்போர்டைப் பார்த்து ஏதோ கேட்டாள். 'மீட்டர்' என்ற உதட்டசைவு மட்டும் பிடிபட்டது. "மின்னலு மாட்டிக் குடுத்தா" என்றார். பொருந்துகிற பதில்தான் போல. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊர் முடிந்து புல்வெளி ஆரம்பித்தது. சாலை வளைந்து வளைந்து இறங்கியது. பின்னால் சட்டத்தில் கண்ணாடி இருப்பதால் அவர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் மெதுவாக ஓட்டினார். ஓரக்கண்ணில் மனைவியின் கை ஒருமுறை உயர்ந்து இறங்கியது தெரிந்தது. முடியை ஒதுக்குகிறாள் என்று நினைத்தார். கடைசி வளைவு முடிந்து சாலை நேரானதும் மீட்டர்களைப் பார்த்தார். எண்ணெய் முள் நடுவில் இல்லை. அது இடது மூலையை நோக்கி, தூக்கம் வந்தவன் தலை போல ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது.

உடனே சாவியைத் திருப்பி அணைத்தார். வண்டி தானாகவே உருண்டு, ஒரு மதகுச் சுவரின் பக்கத்தில் போய் நின்றது.

பானெட்டைத் திறந்தார். நீலப் புகை எழுந்தது. பித்தளைக் குழாயின் கழுத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அதிலிருந்து எண்ணெய் கறுப்பு நூல் மாதிரி வழிந்து சூடான இரும்பில் சொட்டிக்கொண்டிருந்தது. போதும் என்று மின்னல் மூன்று தடவை சொன்ன பிறகும் கொடுத்த அந்தச் சுற்றின் வேலை என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிடம் ஓடியிருந்தால் என்ஜின் இறுகிப் போயிருக்கும்.

மனைவி இறங்கிச் சுற்றி வந்து எதிரில் நின்றாள். வெயிலில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதனால் பெரும்பாலும் புரிந்தது.

"என்ஜின்ல ஏதோ சரியில்லன்னு சொன்னேன். டக்குடக்குன்னு சத்தம் வருதுன்னு சொன்னேன். நிறுத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது? நான் சொல்றத காதுலயே போட்டுக்கறதில்ல நீங்க."

"முள்ளு இறங்குச்சு. நிறுத்திட்டேன்ல?"

அவர் சாலையோரமாகப் போய், கண்ணாடிக் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். அந்தப் பெரிய கண்ணாடியில் வானம் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே காற்றில் சாய்கிற புல். நடுவில் எண்ணெய்க் கையோடு அவர். அவருக்குப் பின்னால் நான்கடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு அவர் மனைவி.

அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

கத்தவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, அவர் முதுகைப் பார்த்தபடி, நிதானமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நீளமான பேச்சு. கண்ணாடிக்குள் மேகம் நகர்ந்தது, புல் சாய்ந்து நிமிர்ந்தது, அவள் உதடுகள் திறந்து மூடின. எதிலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஒரு உலகத்தை வெளியிலிருந்து பார்ப்பது போலத்தான் இத்தனை நாள் அவருக்கு இருந்தது. அந்த உலகத்துக்குள் அவளும் இருக்கிறாள், அங்கிருந்து தன்னைப் பார்த்துப் பேசுகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பேச்சு முடிந்தது. பதிலுக்காக அவள் காத்திருந்தாள். 'பாக்கலாம்' என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுத் திரும்பினார்.

"நீ பேசுனத கண்ணாடியில பாத்தேன். என்ன சொன்னன்னு தெரியல. ஒரு சத்தமும் வரல" என்றார். "எனக்குக் காது கேக்கல."

அவள் கட்டியிருந்த கைகளை இறக்கினாள்.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருந்துச்சு. எட்டு மாசமா ரொம்ப மோசம்."

அவள் போய் மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். அவரும் போனார். பக்கத்தில் உட்காரப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, எதிரில் கிடந்த கல்லைக் காட்டினாள். அவர் அதில் உட்கார்ந்தார்.

"நான் என்ன சொன்னேன்னு தெரிய வேணாமா?"

"சொல்லு."

"இன்னும் எதுக்கு நான் இந்த வீட்ல இருக்கேன்னு கேட்டேன்."

இப்போது அவள் ஒவ்வொரு வார்த்தையையும் வெட்டி வைப்பது போலச் சொன்னாள். "என்மேல ஏதோ வெறுப்புன்னு நெனச்சேன். என்ன தப்பு பண்ணேன்னு ராவெல்லாம் யோசிப்பேன். ஆறு மாசம் முன்னாடி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல தலைமைக் கிளார்க் வேலைக்கு என்னைக் கூப்பிட்டாங்க. ரெண்டு பஸ் மாறணும், காலையில ஏழு மணிக்கே கிளம்பணும், போகட்டுமான்னு உங்ககிட்ட கேட்டேன். பாக்கலாம்னு சொன்னீங்க. மறுநாளும் கேட்டேன். 'ம்'ன்னுட்டு கை கழுவப் போயிட்டீங்க. இஷ்டமில்ல போலன்னு, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அந்த இரண்டு சாயங்காலங்களையும் அவர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. குழாய்த் தண்ணீரும் அவள் முதுகும் மட்டும்தான் நினைவுக்கு வந்தன. அப்படி எத்தனையோ சாயங்காலங்கள் இருந்தன, எல்லாம் ஒன்று போல.

"போன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

"இப்ப சொல்றதுக்கு என்ன. அங்க வேற ஆளு வந்தாச்சு."

புல்வெளியில் ஏதோ ஒரு பறவை எழுந்து, ஒரு வட்டம் அடித்து, எழுந்த இடத்திலேயே இறங்கியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஏன் மறைச்சீங்க?" அவர் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் கேட்டாள். "ஏன் மறைச்சீங்க?"

கடை, வாடிக்கை, மானம் என்று சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டார். "கேக்காம இருக்கறது கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு" என்றார்.

"எனக்கு இல்ல" என்றாள் அவள்.

அவளே கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். நீட்டிய பிறகு நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டு, தானே தங்கையைக் கூப்பிட்டாள்.

மின்னல் ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தாள். முன்னால் எண்ணெய் கேன், தோளில் கருவிப் பை. இறங்கும்போதே அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"சொல்லிட்டாரா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் அக்கா.

மின்னல் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றாள். "மூணு வாரமா. ஒரு மாசம் டைம் குடுத்திருந்தேன்."

"நல்லா இருக்குடி. தவணை முறையில எனக்கு விஷயம் வருது."

"ஏசறதுன்னா அப்புறமா ஏசு. முதல்ல என்ஜினப் பாக்கறேன்" என்று மின்னல் பானெட்டுக்குள் ஒளிந்துகொண்டாள். கீறல் விட்ட குழாயைக் கழற்றி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "என் தப்புதான். அன்னிக்கே கழற்றி வேற போட்டிருக்கணும். நல்லாதான் இருக்குன்னு விட்டுட்டேன்."

"முறுக்குனது நான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்க" என்றாள் அவர் மனைவி. ஆனால் டார்ச்சை அவள்தான் பிடித்தாள். குழாய் இல்லாமல், மீட்டரின் சென்சாரை மட்டும் நேராக என்ஜினில் மாட்டினாள் மின்னல். எண்ணெய் ஊற்றினாள். அவர் சாவியைத் திருப்பினார். மூன்று பேரும் குனிந்து, தலைகள் இடித்துக்கொள்ள, அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தார்கள். முள் எழுந்து நடுவுக்கு வந்தது. மனைவி தலையைச் சாய்த்து என்ஜினைக் கேட்டாள். அந்தத் தட்டுகிற சத்தம் இல்லை என்று அவரைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

நடனப் பள்ளியில் நீளமான வெற்றுக் கூடம். மரத்தரை. ஒரு முனையை அவரும் மறுமுனையை அக்கா தங்கை இருவரும் பிடித்துக் கண்ணாடியை உள்ளே கொண்டுபோனார்கள். மனைவி முன்னால் நின்றதால் அவள் தலையசைப்பது அவருக்குத் தெரிந்தது. இடது, வலது, இறக்குங்க. அது சுவரில் ஏறி நின்றதும் கூடம் இரண்டு மடங்காகி, ஜன்னல் வெளிச்சமும் இரண்டு மடங்கானது. அதன் நடுவில் அழுக்கு உடையோடு மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மின்னல் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டாள். அக்காவின் கோபம் ஆறுவதற்குள் காணாமல் போவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

மறுவாரம் காது மருத்துவரிடம் போனது, வெளிச் சத்தம் நுழையாத அறையில் உட்கார வைத்துச் சோதித்தது, கேட்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வராது என்று மருத்துவர் சொன்னது, பிறகு காதுக்குப் பின்னால் மாட்டிய கருவியில் செய்தித்தாள் புரட்டுகிற சத்தம் தகரத்தைக் கிழிப்பது போலக் கேட்டுக் கண்ணாடிக்காரர் திடுக்கிட்டது, இதெல்லாம் பின்னால் நடந்தவை. தலைமைக் கிளார்க் வேலை திரும்ப வரவில்லை. அவளும் அதை மறந்துவிட்டதாகச் சொன்னதில்லை.

நடனப் பள்ளியிலிருந்து அன்று மதியம் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் கண்ணாடி இல்லாததால் வண்டி லேசாக ஓடியது. பத்து நிமிடம் போயிருக்கும். அவள் அவர் தோளைத் தட்டி, ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினாள். அவர் பதறிப்போய் மீட்டர்களைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. நிறுத்தினார்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஒரு விஷயம் சொல்லணும். ஓட்டும்போது என் மூஞ்சியப் பாக்க முடியாதுல்ல?" அவள் இருக்கையில் முழுசாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயாச்சு. ரெண்டு மாசமாச்சு. உங்ககிட்ட அப்பவே சொன்னேன்."

"அப்படியா? மாடியில நிக்கிற அவருக்கு வாசல்லேர்ந்தே தினமும் வணக்கம் சொல்லிட்டிருக்கேனே."

"அது புதுசா வந்தவரு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

மறுபடியும் கிளம்பினார்கள். புல்வெளி முடியும் இடத்தில் இரண்டாவது தடவை நிறுத்தச் சொன்னாள். அது பள்ளிக்கூடத்தில் அவளோடு சண்டை போட்ட ஒரு ஆசிரியையைப் பற்றி. அந்தச் சண்டை முழுவதையும் இரண்டு பேர் குரலிலும் சொன்னாள். குரல் கேட்காவிட்டாலும் யார் எந்தப் பக்கம் என்று அவருக்குப் புரிந்தது. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக மூன்றாவது தடவை. அங்கே சொன்னது அவள் உடம்பைப் பற்றியது. மார்ச் மாதம் அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்து தனியாகவே திரும்பி வந்திருந்தாள். அதைக் கேட்டபின் அவரால் உடனே கிளம்ப முடியவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கையைத் தட்டி, போகலாம் என்றாள்.

அவர்கள் தெருவின் முனையில், வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மறுபடியும் தோளில் தட்டினாள். அவர் நிறுத்தினார்.

"வீடே வந்துருச்சே. உள்ள போய்ச் சொல்லக் கூடாதா?"

"உள்ள போனா எனக்கு வேலை இருக்கும்" என்றாள் அவள். "இங்கயே சொல்றேன்."

அவர் என்ஜினை அணைத்துவிட்டு, காலைத் தூக்கி இருக்கையின்மேல் மடித்து வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து உட்கார்ந்தார்.